கோலம் போடும் கைக்கு ஒரு ரம்பம்



இந்த இதழில் மரத்தில் பூ வேலை செய்யும் ஒரு சின்ன ரம்பத்தைப் பற்றிப் பார்ப்போம். பெயர் ஸ்க்ரோல் சா. நாம் ஸ்க்ரோல் ரம்பம் என்றே சொல்லிக்கொள்வோம். "ரம்பமா? அது ஆம்பளைங்க வேலையாச்சே!" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கொஞ்சம் படித்துப் பாருங்கள்.

இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. செல்போனில் ஒரு வீடியோ வருகிறது. மெஷினில் பலகையை வைத்துத் திருப்புகிறார்கள், இரண்டு நிமிஷத்தில் மயில் வந்துவிடுகிறது. "வீட்டில் இருந்தே சம்பாதிக்கலாம்" என்று கீழே எழுதியிருக்கிறது. பார்த்ததும் குழுவில் கடன் வாங்கி மெஷின் எடுக்கலாமா என்று ஆசை வரும். ஆசை தப்பில்லை. ஆனால் எடுத்த எடுப்பில் கடனுக்குப் போக வேண்டாம். சில நூறு ரூபாயில் கை ரம்பம் வாங்கிக் கற்றுக்கொள்ளலாம். கை பழகி, செய்த பொருளும் நாலு பேரிடம் விலை போன பிறகு மெஷினைப் பற்றி யோசிக்கலாம். இதுதான் இந்தக் கட்டுரையின் சாரம்.

இது என்ன ரம்பம்?

தச்சர் வைத்திருக்கும் கை ரம்பம் நேராக அறுக்கும். ஸ்க்ரோல் ரம்பம் வளைவு வளைவாக அறுக்கும். இதன் பிளேடு சுமார் 5 அங்குல நீளம்தான், அகலமோ ஈர்க்குச்சி மாதிரி. ஒரு சின்ன மேஜையின் நடுவில் உள்ள துளை வழியாக அந்த பிளேடு செங்குத்தாக நிற்கும். மேலும் கீழும் இரண்டு கைகள் அதை இழுத்துப் பிடித்திருக்கும். மோட்டார் ஓடினால் பிளேடு மேலும் கீழும் ஆடும். பிளேடு நின்ற இடத்திலேயே ஆட, பலகையை நாம் திருப்பிக் கொடுக்கிறோம். தையல் மெஷினில் ஊசி நின்ற இடத்தில் குத்த, துணியை நாம் நகர்த்துகிறோமே, அதே முறைதான்.

கடையில் "ஜிக்சா" என்று கேட்டால் வேறு மெஷின் தருவார்கள். அது கையில் பிடித்துப் பலகை மேல் ஓட்டுவது. பெரிய பலகைக்கு ஆகும், நுணுக்க வேலைக்கு ஆகாது. கேட்கும்போதே மேஜை வைத்த ஸ்க்ரோல் சா என்று தெளிவாகக் கேளுங்கள்.

மிதி மெஷினாக இருந்த காலம்

மின்சாரம் வருவதற்கு முன்பே இந்த ரம்பம் வந்துவிட்டது. 1870-களில் அமெரிக்காவில் ராக்ஃபோர்டு என்ற ஊரில் இருந்த பார்ன்ஸ் கம்பெனி, காலால் மிதித்து ஓட்டும் ஸ்க்ரோல் ரம்பங்களைச் செய்து விற்றது. அந்தக் காலத்தில் வீடுகளில் பெண்களும் பிள்ளைகளும் பொழுதுபோக்காக இதில் வேலை செய்திருக்கிறார்கள். தையல் மெஷின் மிதித்த காலுக்கு இது புதுசு இல்லைதானே?

படத்தை வெட்டிச் சேர்க்கும் புதிர் விளையாட்டும் இந்த ரம்ப வேலையில் பிறந்ததுதான். 1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் வரைபடத்தை மரப் பலகையில் ஒட்டி, நாடு நாடாக அறுத்து, பிள்ளைகளுக்குப் பூகோளம் கற்றுத்தர விற்றார். 1930-களில் அமெரிக்காவில் பெரிய பொருளாதார மந்தம் வந்தபோது, வேலை போன பலர் வீட்டிலேயே ரம்பம் வைத்துப் புதிர் அறுத்து விற்றார்கள், வாடகைக்கும் விட்டார்கள். கஷ்ட காலத்தில் பொழுதுபோக்கு கை கொடுத்திருக்கிறது. ஆனால் அட்டையில் அச்சடித்த மலிவான புதிர்கள் வந்ததும் அந்த மரப்புதிர் வியாபாரம் சுருங்கிவிட்டது. இதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்தில்

தொலைவுக்குப் போக வேண்டாம். மைசூரில் ஈட்டி மரப் பலகையில் வேறு வேறு நிற மரத்துண்டுகளைப் பதித்து யானை, தேர், கிராமக் காட்சி என்று செய்கிறார்கள். அந்தச் சின்னத் துண்டுகளை அறுப்பது மெல்லிய பிளேடு போட்ட ரம்பத்தால்தான். அந்த வேலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பெங்களூருவிலிருந்து மைசூர் போகும் வழியில் உள்ள சன்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைசல் பிடித்து, அரக்கு வண்ணம் ஏற்றிப் பொம்மை செய்கிறார்கள். சேலம் மாவட்டம் தம்மம்பட்டியில் உளி வைத்து மரச்சிற்பம் செதுக்குகிறார்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு தொழில், பல வருஷப் பழக்கம் வேண்டும். ஸ்க்ரோல் ரம்பத்தில் மட்டும் கோடு பிடித்துப் போகத் தெரிந்தால் போதும், சில வாரங்களிலேயே பார்க்கிற மாதிரி ஒரு பொருள் வந்துவிடும். கோடு பிடிப்பதற்கு நமக்கு யார் சொல்லித்தர வேண்டும்? தினமும் வாசலில் செய்கிற வேலைதானே!

முதலில் வாங்க வேண்டியவை

1. ஃப்ரெட் ரம்பம் என்னும் கை ரம்பம். வில் மாதிரி வளைந்த கம்பிச் சட்டம், கீழே பிடி. விலை சில நூறு ரூபாய்தான். இதற்கும் 5 அங்குல பிளேடுதான். பின்னால் மெஷின் வாங்கினாலும் இதே பிளேடு பெரும்பாலும் பயன்படும்.

2. பிளேடு ஒரு டஜன். பழகும் காலத்தில் உடையும், அதற்காக வருத்தப்படாதீர்கள். எண் ஏற ஏற பிளேடு பெரிசு. 3 மி.மீ. ப்ளைவுட்டுக்கு 1-ம் எண், 6 முதல் 12 மி.மீ. வரை 3 அல்லது 5-ம் எண், அதற்கு மேல் 7-ம் எண் என்று வைத்துக்கொள்ளலாம்.

3. அறுப்புப் பலகை. ஒரு சாண் அகலப் பலகையின் முன்பக்கம் கவட்டை மாதிரி வெட்டி, மேஜை விளிம்பில் கிளாம்பு போட்டு இறுக்க வேண்டும். பலகை அந்தக் கவட்டை மேல் உட்காரும், ரம்பம் நடுவில் ஓடும். உள்ளூர்த் தச்சரிடம் சொன்னால் செய்து தருவார்.

4. கையால் சுற்றும் சின்ன ட்ரில், 2 மி.மீ. பிட்.

5. உப்புத்தாள் 120, 180, 220 நம்பர்களில் ஒவ்வொன்று. பசை, பென்சில், கார்பன் பேப்பர்.

6. கண்ணாடி, முகக்கவசம். இது கடைசியாக எழுதியதால் கடைசியாக வாங்க வேண்டியது என்று நினைத்துவிடாதீர்கள்!

கோலத்தை மரத்தில் எடுப்பது எப்படி?

சிக்குக் கோலம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் போடும்போது கோடு மெல்லிசாக இருக்கும். மரத்தில் கோடு அரை விரல் அகலமாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உடைந்துவிடும். பேப்பரில் தடித்த கோடாக வரைந்து 6 மி.மீ. ப்ளைவுட்டில் ஒட்டுங்கள்.

இப்போது ஒரு விஷயம் கவனியுங்கள். அறுத்து எடுக்க வேண்டியது கோட்டை இல்லை, கோடுகளுக்கு நடுவில் உள்ள வெற்றிடத்தை. கோடு நிற்க வேண்டும், வெளி விழ வேண்டும். புள்ளிகள் வெற்றிடத்துக்குள் தனியாக இருப்பதால் நிற்காது, சேர்ந்து விழுந்துவிடும். அதனால் புள்ளியை விட்டுவிடலாம். கோடும் கோடும் சந்திக்கும் இடங்கள்தான் பொருளுக்குப் பலம்.

• ஒவ்வொரு வெற்றிடத்திலும் ஒரு துளை போடுங்கள். பிளேடின் ஒரு முனையைக் கழற்றி, துளை வழியே நுழைத்து, மறுபடி மாட்டுங்கள்.

• பிளேடின் பல் கீழ்நோக்கி இருக்க வேண்டும். தடவிப் பார்த்தால் தெரியும். தலைகீழாக மாட்டினால் பலகை குதிக்கும், மேல்பக்கம் சிராய் எழும்பும்.

• பிளேடை நன்றாக இழுத்து மாட்டுங்கள். விரலால் தட்டினால் தம்புராக் கம்பி மாதிரி "டிங்" என்று கேட்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் கோடு கோணும், பிளேடும் உடையும்.

• தள்ளாதீர்கள். பிளேடு தானாக அறுக்கும், நாம் வழி காட்டினால் போதும். திருப்பத்தில் ரம்பத்தை நிறுத்தாமல் பலகையை மெதுவாகத் திருப்புங்கள்.

• உள் வேலை முதலில், வெளி விளிம்பு கடைசியில். வெளி விளிம்பை முதலில் அறுத்துவிட்டால் பிடிக்க இடம் இருக்காது, மெல்லிய பாகம் முறிந்துவிடும்.

புதிய பிளேடுகள் சில சமயம் ஒரு பக்கமாக இழுக்கும். பிளேடு செய்யும்போது ஒரு ஓரத்தில் பிசிறு தங்கிவிடுவதுதான் காரணம், உங்கள் கை கோணல் இல்லை. பலகையைக் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தால் நேராகப் போகும்.

மெஷின் பார்க்கப் போகும்போது

கை ரம்பத்தில் இருபது முப்பது பொருளாவது செய்த பிறகுதான் மெஷின். வாங்கும்போது இவற்றைக் கேளுங்கள்:

• ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மேஜை மேல் ஒரு நாணயத்தை நிமிர்த்தி வையுங்கள். நாணயம் நின்றால் நல்ல மெஷின். உடனே விழுந்தால் அதிர்வு அதிகம், கோடு நேராக வராது. மெஷினை முளை போட்டு இறுக்கினால் அதிர்வு கொஞ்சம் குறையும்.

• பிளேடுக்கும் பின் தூணுக்கும் இடையே எவ்வளவு இடம்? 16 அங்குலம் இருந்தால் நம் வேலைக்குத் தாராளம்.

• வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு உண்டா? மெல்லிசு பலகைக்கும் புது கைக்கும் குறைந்த வேகம் வேண்டும்.

• பின் வைத்த பிளேடு மட்டும் மாட்டுமா, பின் இல்லாததும் மாட்டுமா? பின் வைத்ததை மாட்டுவது சுலபம். ஆனால் பின் நுழையப் பெரிய துளை போட வேண்டும், நுணுக்க வேலை வராது. பின் இல்லாத பிளேடும் மாட்டுகிற மெஷினாகப் பாருங்கள்.

• பிளேடும் உதிரி பாகமும் தருமபுரியிலோ சேலத்திலோ கிடைக்குமா? கிடைக்காத மெஷின் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

• மூன்று முள் பிளக், எர்த் சரியாக இருக்கிறதா என்று வீட்டு ஒயரிங்கையும் பாருங்கள்.

மின்சாரச் செலவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. 120 வாட் மோட்டார் 8 மணி நேரம் ஓடினால்தான் ஒரு யூனிட் ஆகும். பணம் போவது பிளேடிலும் உப்புத்தாளிலும்தான். கடினமான மரத்தில் ஒரு பிளேடு அரை மணி நேரத்திலேயே மழுங்கிவிடலாம்.

எந்த மரம்?

தச்சுப் பட்டறையில் தேக்கு, வேம்பு, மா, பலாத் துண்டுகள் அடுப்புக்குப் போய்க்கொண்டிருக்கும். கேட்டு வாங்குங்கள். குமிழ், மலைவேம்பு மரங்கள் மென்மையானவை, புதுசாகப் பழகுபவர்களுக்கு நல்லது. மாமரம் நம் பக்கம் தாராளம். ஆனால் நன்றாகக் காயாத மாம்பலகை உளுத்துப்போகும், வளைந்தும் போகும்.

அரளி, எட்டி, சேராங்கொட்டை மரங்களைத் தொடவே வேண்டாம். இவை விஷமுள்ளவை. தூளும் பாலும் உடம்புக்கு ஆகாது. சந்தனம், ஈட்டித் துண்டுகளை யாராவது "சும்மா வச்சுக்கோங்க" என்று கொடுத்தாலும் ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். வனத்துறை வழக்கு வந்தால் கொடுத்தவர் வரமாட்டார்.

விரல், கண், மூச்சு

மற்ற மர அறுவை மெஷின்களோடு பார்த்தால் ஸ்க்ரோல் ரம்பம் சாது. வட்ட ரம்பம் மாதிரி பலகையைத் தூக்கி எறியாது. ஆனாலும் விரலை வெட்டும். பிளேடு போகும் பாதைக்கு நேர் எதிரே விரலை வைக்காதீர்கள். பிளேடு மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகுங்கள். துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிடுங்கள். கூந்தலைக் கொண்டையாகக் கட்டுங்கள். கண்ணாடி வளையலும் தொங்கும் சங்கிலியும் வேலை முடிகிற வரை வேண்டாம். மின்சார ட்ரில் சுற்றும்போது இவை சிக்கினால் கையையே இழுத்துவிடும். கையுறை போட்டால் பாதுகாப்பு என்று சிலர் நினைப்பார்கள். ஓடும் மெஷினில் கையுறை சிக்கும், போடக் கூடாது.

தூள்தான் பெரிய ஆபத்து. கண்ணுக்குத் தெரியாமலே போவதால் யாரும் கவனிப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-ல் மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. நாள் முழுக்க, வருஷக் கணக்கில் தூளை இழுப்பவர்களுக்குத்தான் அதிக ஆபத்து. இருந்தாலும் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்துவது போதாது. என்-95 முகக்கவசம் போடுங்கள். சமையல் அறையிலும் குழந்தை தூங்கும் அறையிலும் வேலை வேண்டாம். காற்றோட்டமான தாழ்வாரம் நல்லது. துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

இன்னொன்று: ஆளிவிதை எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்த பிறகு எறியுங்கள்.

விற்க நினைத்தால்

வீட்டுப் பெயர்ப் பலகை, சாவி மாட்டி, சுவர்க் கோலம், பாத்திரம் இறக்கி வைக்கும் மணை, பரிசுப் பொருள் என்று பல செய்யலாம். அதியமான்கோட்டைக்கென்றே அடையாளம் உண்டே! அவ்வைக்கு நெல்லிக்கனி தந்த அதியமானின் ஊர் இது. நெல்லிக் கிளை ஒன்றை அறுத்து, கீழே ஊர்ப் பெயர் போட்டால் வெளியூர்க்காரர்கள் எடுத்துப் போவார்கள். தேய்பிறை அஷ்டமிக்குக் காலபைரவர் கோயிலுக்கு எத்தனை ஊர் ஜனம் வருகிறது! முதலில் பத்துப் பொருள் செய்து, ஆட்கள் எதை எடுத்துப் பார்க்கிறார்கள், எந்த விலையில் கீழே வைக்கிறார்கள் என்று கவனியுங்கள்.

பிள்ளைகள் விளையாட்டுச் சாமான் செய்து விற்பதில் மட்டும் ஒரு சட்டம் இருக்கிறது. 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மரப் பொம்மைக்கும் இது உண்டு. மத்திய அரசின் கைவினைப் பொருட்கள் வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்பதற்கு விலக்கு தந்திருக்கிறார்கள். அதனால் பதிவு அட்டை வாங்காமல் பொம்மை வியாபாரத்தில் இறங்காதீர்கள். மாவட்டத் தொழில் மையத்தில் விவரம் கேளுங்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்குச் செய்தாலும் கவனம் வேண்டும். 3 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு வாயில் நுழையும் சின்னத் துண்டு எதுவும் கொடுக்கக் கூடாது. பெயிண்டில் ஈயம் இருக்கலாம். 2016-ல் வந்த விதிப்படி வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது. டப்பாவில் அது எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பெயிண்டே இல்லாமல் வழவழப்பாகத் தேய்த்துக் கொடுப்பது அதைவிட நல்லது.

கடனுக்கு முன் ஒரு கணக்கு

உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம். குழுவில் 15,000 ரூபாய் கடன், 15 மாதத் தவணை, நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. முதல் மாதம் அசல் 1,000, வட்டி 150, ஆக 1,150 ரூபாய் கட்ட வேண்டும். ஒரு சுவர்க் கோலம் 100 ரூபாய்க்கு விற்கிறது. பலகை, பிளேடு, உப்புத்தாள் எல்லாம் 40 போனால் கையில் நிற்பது 60. தவணை கட்டவே 20 கோலம் விற்க வேண்டும். 21-வது கோலத்திலிருந்துதான் உங்களுக்குக் கூலி!

மாதம் 20 கோலம் விற்குமா? இதற்குப் பதில் வீடியோவில் கிடைக்காது. கை ரம்பத்தில் செய்து, விற்றுப் பார்த்து, நோட்டில் எழுதினால்தான் கிடைக்கும். மூன்று மாதம் எழுதுங்கள். விற்றால் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே மெஷின் வாங்கி முறை போட்டு ஓட்டலாம், கடன் சுமையும் பிரியும். விற்காவிட்டால் நஷ்டம் சில நூறு ரூபாய்தான். ரம்பம் வீட்டில் இருக்கும், கைப்பழக்கமும் எங்கேயும் போகாது.

எல்லாவற்றையும் காசாகப் பார்க்க வேண்டும் என்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம் நமக்கென்று உட்கார்ந்து, பெயர்ப் பலகை அறுத்து, அதில் வீட்டுக்காரர் பெயரோடு நம் பெயரையும் சேர்த்து வாசலில் மாட்டினால் அதுவும் லாபம்தான். வீட்டில் பொழுதுபோக்கு என்றால் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும்தானா?

1989-ல் மகளிர் குழுக்களுக்கான அரசுத் திட்டம் தமிழ்நாட்டில் முதன்முதலாகத் தொடங்கியது நம் தருமபுரி மாவட்டத்தில்தான். கணக்கு நோட்டும் வங்கிப் படிவமும் ஒரு காலத்தில் நமக்குப் புதுசாகத்தான் இருந்தன. அதையே பழகியவர்களுக்கு இந்தச் சின்ன ரம்பம் பெரிசா?

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச:

1. நம் குழுவில் கோலம் நன்றாகப் போடுபவர்கள் யார் யார்? கை ரம்பம் பழக யாருக்கு ஆசை?

2. ஒரு ரம்பமும் ஒரு டஜன் பிளேடும் குழுப் பொதுவில் வாங்கி, முறை வைத்துப் பழகலாமா?

3. ஊரில் உள்ள எந்தத் தச்சரை ஒரு மத்தியானம் வந்து சொல்லித்தரக் கேட்கலாம்?

4. பத்து பேர் சேர்ந்தால், மாவட்ட ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் மரவேலைப் பயிற்சி கேட்டு மனு கொடுக்கலாமா?

பேசியதைத் தீர்மான நோட்டில் எழுத மறக்காதீர்கள். முதல் கோலம் அறுத்தவர்கள் அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு அதைக் கொண்டு வாருங்கள். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, எல்லாரும் பார்ப்போம்!